தூள் கொட்டிய மிளகாய்ப் பூ

விதைக் கம்பெனி அதிகாரி ஒரு மிளகாய்ப் பூவைப் பறித்துக் கட்டைவிரல் நகத்தில் தட்டினார். மகரந்தத் தூள் விழவில்லை. அடுத்த பூவிலும் இல்லை. பின்னாலேயே நடந்த மஞ்சுளாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயல் தேறாவிட்டால் ஒரு வருடப் பாடும் வீண்.

"மகரந்தத்துக்குச் சோறூட்டுற செல்லெல்லாம் முன்னாடியே செத்துப்போச்சும்மா. எல்லாம் தூளில்லாத வெறும் பை," என்றார் அவர்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி வேலை மழையால் நின்றதால் இரண்டு மாதமாக வீட்டிலிருந்த அவள் கணவன் மணிமாறன், வரப்போரச் செடிக்கு ஓடினான். "சார், இதுல பாருங்க! மாவாட்டம் கொட்டுது!"

அதிகாரியின் முகம் சுருங்கியது. மஞ்சுளா பாய்ந்து போய் அந்தச் செடியை வேரோடு பிடுங்கினாள்.

"ஏம்புள்ள, நல்ல செடியப் போயி..."

"இது தாய் வரிசைங்க மாமா! இந்தப் பூவுல தூளே இருக்கக் கூடாது. அப்பன் செடித் தூளை நாமதான் தொட்டு வெக்கோணும். அப்பத்தான் அது கலப்பு விதை. இந்தச் செடி எப்படி இங்க வந்துச்சு?"

மணிமாறன் பின்னந்தலையைச் சொறிந்தான். "நாத்து பட்டுப்போன இடமெல்லாம் பொக்கையா இருந்துச்சு. அப்பன் செடித் தட்டுல நாத்து மிஞ்சிக் கெடந்துச்சு. எடுத்து நட்டுவிட்டேன்."

"எத்தனைங்க?"

"மிஞ்சுனத யாராச்சும் வீணாக்குவாங்களா புள்ள? அத்தனையுந்தான்."