சும்மா கொடுத்த படம்

கவுகாத்தி பத்திரிகை அலுவலகத்துக்குள் பபேன் சொட்டச் சொட்ட நனைந்தபடி நுழைந்தான். வெள்ளம் வந்தால்தான் அவனுக்குப் பிழைப்பு. தானாகவே போய்ப் படமெடுத்து, வாங்குகிறவர்களிடம் விற்பான்.

ஆசிரியர் புயான் கேமராவை வாங்கிப் பார்த்தார். மூழ்கிய வீடு, கூரை மேல் ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், ஓர் ஆடு.

"எவ்வளவு கேக்கறே?"

"காசே வேண்டாம் சார். ஊர் பேரோட போட்டாப் போதும். அங்க வெள்ளமே வரலேன்னு கலெக்டர் ஆபீஸ்ல சாதிக்கிறாங்க. படம் வந்தாத்தான் படகு போகும்."

புயான் சிரித்தார். "அம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுற ஆளு, சும்மா தர்றியா? போன வருஷம் பழைய வெள்ளத்தைப் புதுசுன்னு என் தலையில கட்டினியே, மறந்துட்டியா?"

"இது சத்தியமா இன்னிக்குக் காலையில எடுத்தது சார்!"

"யார்கிட்ட கதை விடறே? உயிருக்குப் பயந்தவளா இவ? உன்னைப் பார்த்துக் கையாட்டுறா. காசு குடுத்துக் கூரையில ஏத்தினியா?"

பபேன் படத்தில் அவள் கையைத் தொட்டுக் காட்டினான்.

"அவ என் பொண்டாட்டி சார். வாழைத்தெப்பத்துல ஒருத்தருக்குத்தான் இடம் இருந்துச்சு. சீக்கிரம் படகோட வாங்கன்னு கையாட்டுறா."