பின் இருக்கைக்குச் சூடு

வானின் உட்பக்கப் பலகையை இழுத்தான். வரவில்லை.

இன்னொருமுறை இழுத்தான். உள்ளே பிளாஸ்டிக் முறியும் சத்தம் கேட்டது.

கையை எடுத்துவிட்டான்.

வீட்டு வாசலில் மினிவானின் பின்கதவு திறந்து கிடந்தது. கடைசி வரிசை இருக்கையைக் கழற்றிப் பனியின் மேல் வைத்திருந்தான். கனடாவின் ஸ்காபரோவில் அன்று பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு பாகை. வெயில் எறித்தது. அதில் சூடு இல்லை.

கையுறையோடு திருகாணியைப் பிடிக்க முடியாது. கையுறை இல்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது.

நாளை பதினொரு மணிக்குப் பிள்ளையை வீட்டுக்கு விடுகிறார்கள்.

இருபத்தொன்பதாம் வாரத்திலேயே பிறந்துவிட்ட பெண் பிள்ளை. எழுபத்தொரு நாட்களாக மருத்துவமனையில் இருக்கிறாள். இப்போது இரண்டு கிலோ நானூறு கிராம்.

அங்கிருந்து வீட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். முன்பக்கத்துச் சூடு பின்னுக்கு வந்து சேர அதைவிட நேரமாகும். பின்பக்க ஹீற்றரின் காற்றாடி மார்கழியிலேயே நின்றுபோயிருந்தது. பிள்ளையின் இருக்கைப் பட்டிக்குள் தடித்த உடுப்புப் போடக் கூடாது என்று தாதி சொல்லியிருந்தாள். வாகனம் திருத்தும் கராஜில் அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத்தான் நேரம் தந்தார்கள்.

மேலே போர்வையால் மூடிக்கொண்டு வரலாம் என்றாள் மனைவி துஷ்யந்தி. குளிர்காலத்தில் எல்லாரும் அப்படித்தான் கொண்டுபோகிறார்கள் என்றாள்.

அவன் ஏற்கவில்லை.

அவள் பஸ்ஸில் மருத்துவமனைக்குப் போய்விட்டாள்.

கராஜில் வேலை செய்யும் நண்பன் சுதர்மனைத் தொலைபேசியில் கூப்பிட்டான். சத்தம் வந்ததைச் சொன்னான்.

"குளிருக்கை பிளாஸ்டிக் அப்பிடித்தான் மச்சான். சுடுகாத்து அடிச்சுப்போட்டு மெல்லமா இழு."

துஷ்யந்தியின் தலைமுடி காயவைக்கும் கருவியை எடுத்து வந்தான். வீட்டுக்குள்ளிருந்து நீண்ட வயர் இழுத்தான். பலகையின் ஓரமாகச் சூடு காட்டிக்கொண்டு போனான்.

பலகை கழன்று வந்தது. பின்னால் இருந்த பிளாஸ்டிக் பிடிகளில் ஒன்றுதான் முறிந்திருந்தது.

உள்ளே கறுப்பாக மோட்டர். மூன்று திருகாணிகள். இரண்டு சுலபமாக வந்தன. மூன்றாவது துருவேறி இறுகியிருந்தது. அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம் போனது.

அந்த நேரம் முழுக்க அவனுக்குப் பிள்ளை பிறந்த நாளின் ஞாபகம்.

பிள்ளையை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் வட்டத் துவாரத்தால் கையை உள்ளே விட்டிருந்தான். அவனுடைய சுட்டுவிரல் அளவில் ஒரு கால். அதைத் தொட்டான். உடனே கருவி அலறியது. திரையில் ஓர் எண் இறங்கிக்கொண்டே போனது. தாதிகள் ஓடிவந்தார்கள்.

பிறகு, இப்படி அடிக்கடி நடக்கும் என்றார்கள். தொட்டதால் இல்லை என்றார்கள். துஷ்யந்தியும் அதையே பலமுறை சொன்னாள்.

அதற்குப் பிறகு அவன் பிள்ளையைத் தொடவில்லை.

நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள் என்று தாதிகள் கூப்பிடும்போதெல்லாம் ஒரு காரணம் சொன்னான். தடிமனும் தும்மலும். வேலையிலிருந்து நேரே வந்தது. கை குளிர்ந்திருப்பது.

திருகாணி அசைந்தது.

பழைய மோட்டரின் காற்றாடியை விரலால் சுழற்றிப் பார்த்தான். சுழலவில்லை. பழைய வாகனங்களை உடைத்துப் பாகங்கள் விற்கும் இடத்தில் நேற்று வாங்கிய மோட்டரை அந்த இடத்தில் பொருத்தினான். வயரைச் செருகினான். எஞ்சினை இயக்கினான்.

முதலில் ஒரு முனகல். பிறகு காற்று.

நடு வரிசையில், பிள்ளையின் இருக்கை வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கூரையில் இருந்த துவாரத்தை நோக்கிக் கையை நீட்டினான். குளிர்காற்று வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அது சூடானது.

கை நோகும்வரை நீட்டியபடியே இருந்தான்.

துஷ்யந்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வேலை செய்கிறது என்றான். பிள்ளை முழுப் போத்தல் பாலையும் குடித்துவிட்டாள் என்றாள் அவள்.

மறுநாள் மருத்துவமனையில் தாதி குழந்தை இருக்கையைக் கட்டிலில் வைத்தாள். தான் தொடக் கூடாது, பெற்றோர்தான் பிள்ளையைப் போட்டுப் பட்டி பூட்ட வேண்டும், தான் சரிபார்ப்பது மட்டும்தான் என்றாள்.

அவன் துஷ்யந்தியைப் பார்த்தான்.

அவள் இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்துக்கொண்டிருந்தாள்.

தாதி காத்திருந்தாள்.

அவன் பிள்ளையின் கழுத்துக்கு அடியில் ஒரு கையும் இடுப்புக்கு அடியில் ஒரு கையும் கொடுத்தான்.

தூக்கினான்.

பிள்ளை முகத்தைச் சுளித்தாள். அழவில்லை. பட்டியை மாட்டினான். நெஞ்சுப் பூட்டைப் போட்டான். பட்டிக்கும் தோளுக்கும் நடுவே தாதி ஒரு விரலை நுழைத்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

வாகனத் தரிப்பிடத்தில் துஷ்யந்தி வான் திறப்பைத் தரும்படி கை நீட்டினாள்.

"நான் வான் ஓடுறன். நீங்கள் பின்னுக்குப் பிள்ளையோட இருங்கோ."

வான் நகர்ந்தது.

பிள்ளை தூங்கிவிட்டாள். அசைவே இல்லை. மூச்சு வருகிறதா என்று சொல்ல இங்கே திரை இல்லை, எண் இல்லை. அவன் கையுறையைக் கழற்றினான். மேலே விரித்திருந்த மெல்லிய போர்வைக்குள் கையை விட்டு அவளுடைய நெஞ்சின் மேல் வைத்தான்.

ஏறியது. இறங்கியது.

சிறிது நின்றது. மறுபடி ஏறியது.

முதலாவது சிவப்பு விளக்கில் வான் நின்றபோது துஷ்யந்தி திரும்பாமலே கேட்டாள்.

"பின்னுக்குச் சூடு வருதோ?"

அவன் அதைக் கவனித்திருக்கவில்லை. பிள்ளையின் மேலிருந்த கையை எடுத்துக் கூரைத் துவாரத்துக்குக் கொண்டுபோனால்தான் தெரியும்.

"வருது," என்றான்.