வலப்பக்கத்துக் கிட்டார்

பின்லாந்தின் தாம்பெரே நகரில் தைஸ்தோவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே கிட்டார் மெட்டை இட, வல ஒலிபெருக்கிகளுக்கென இரண்டு தடவை பதியும்போது இரண்டையும் ஆள்தான் வாசிக்க வேண்டும். ஒன்றை நகலெடுத்து மறுபக்கம் ஒட்டுவது குடும்பத்துக்கு இழுக்கு. தம்பி ஒய்வா சாகும்வரை வலப்பக்கம் அவனுடையது.

அன்று தைஸ்தோ இடப்பக்கத்தை வாசித்து முடித்தார். இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடாமலிருக்க, வலத்துக்கு ஒய்வாவின் பழைய கிட்டாரையும் அதன் சத்தத்தைப் பெருக்கும் சின்ன ஆம்ப் பெட்டியையும் எடுத்து வைத்தார். அவற்றுக்கு இன்னும் மின்சாரம்கூடக் கொடுக்கவில்லை. அதற்குள் பாடகி வென்லா பதிவைப் போட்டுக் கேட்டுச் சிரித்தாள்.

"வலதுலயும் கேக்குதே. கடைசியில நீங்களும் நகல் எடுத்துட்டீங்களா, பெரியவரே?"

"என் கூடத்துலயா? நகலா இருந்தா, ஒரு பக்கத்து அலையைத் தலைகீழாக்கிச் சேர்த்தா ரெண்டும் அழிஞ்சு சத்தமே வராது. செஞ்சு பாரு."

செய்தாள். சத்தம் அழியவில்லை. வலப்பக்கம் ஒவ்வொரு அடியிலும் மயிரிழை பிந்தி வந்தது.

"இது யாரோ வாசிச்சதுதான்" என்றாள் மெதுவாக.

ஒய்வா அப்படித்தான் பிந்துவான். அதற்காகத் தைஸ்தோ ஆயுள் முழுக்கத் திட்டியிருக்கிறார். இப்போது எழுந்து, வலப்பக்கம் இடம் விட்டு, நடுவில் கிடந்த தன் நாற்காலியை இடப்பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.