அக்கரையில் ஒன்பது பேர்

அருவியைப் பார்த்துவிட்டு எல்லோரும் வேர்ப்பாலத்தைக் கடந்து வந்தார்கள். இரு கரை மரங்களின் வேர்கள் தாமாகவே பின்னிப் பாலமாக வளர்ந்திருந்தன. வழிகாட்டி அழைத்துவந்தது ஒன்பது பேரை. இப்போது எண்ணினால் எட்டுதான் வந்தது. அவர்களில் ஒருத்தியான நர்ஸின் தம்பியைக் காணோம்.

"எனக்கு முன்னாடிதானே நடந்தான்" என்றாள் நர்ஸ். தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வழிகாட்டியிடமிருந்த இரண்டு வாக்கிடாக்கிகளில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, அவர் தடுக்கத் தடுக்கப் பாலத்தில் திரும்பி ஓடினாள்.

பாறை பாறையாகத் தேடினாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் துழாவினாள். தொண்டை கட்டும்வரை அவனைக் கூப்பிட்டாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "ஒன்பது பேரும் சரியா இருக்காங்க. கிளம்பறோம்" என்று வழிகாட்டி அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. "தம்பி வந்துட்டானா? நான் இன்னும் அருவிகிட்டதான் இருக்கேன். விட்டுட்டுப் போயிடாதீங்க."

அங்கே வாக்கிடாக்கி கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு தம்பி பேசினான்.

"யாருங்க நீங்க?"

"டேய், அக்காடா."

"எங்க அக்கா என் பக்கத்துல நிக்கிறா."

அவள் பாலத்தை நோக்கி விழுந்தடித்து ஓடினாள். "அது நான் இல்லடா. அவகூடப் போகாதடா" என்று ஓடிக்கொண்டே கெஞ்சினாள்.

"குடு, நான் சொல்லிக்கறேன்" என்றது ஒரு பெண் குரல். அது அவளுடைய குரல்தான், தொண்டை கட்டாமல் தெளிவாக இருந்தது.

"நாங்க வீட்டுக்குப் போறோம். இனிமே கூப்பிடாதீங்க."