நான்காவது ஆள்

பல்லக்கு முதல் ஆகாய விமானம் வரை வைத்திருந்த அருங்காட்சியகத்தில், பல்லக்குத் தூக்கும் நான்கு சிமெண்ட் ஆட்களில் ஒருவன் உடைந்து விழுந்தான். புதுச் சிலை வரும்வரை அந்த இடத்தில் வேலாண்டி என்ற கூலியாளை நிற்க வைத்தார்கள். வருஷக்கணக்காக நின்றான், பார்க்க ஆள் இல்லாத நேரத்தில்தான் மூச்சே விட்டான். வந்தவர்கள் அவன் மூக்கைத் தட்டிப் பார்த்து, "அசலாட்டம் செஞ்சிருக்கான்யா" என்றார்கள். வேலை நிரந்தரமாகிவிடும் என்றே அவனும் நம்பினான். கடைசியில் சிலை வந்தேவிட்டது. லாரி வாசல் வளைவுக்குள் நுழையவில்லை. "உனக்குத்தான் தோள் பழகியிருக்கு, போய்த் தூக்கிட்டு வா. அதுவரைக்கும் மத்த மூணு பேரும் சமாளிப்பாங்க" என்றார் மேலாளர். தூக்கி வந்தான். அவன் முகத்தையே வார்த்திருந்தார்கள். உதட்டில் மட்டும் சிரிப்பு கூடுதல். பல்லக்குத் தண்டை அதன் தோளுக்கு மாற்றிவிட்டு, "அப்ப நான்?" என்றான்.

"டிக்கெட் எடுக்காம உள்ள நிக்கக்கூடாதுப்பா" என்றார் மேலாளர்.