வலைக்குள் சிவப்பு மாத்திரை

"இது இன்னாடி? வாயத் தொறந்து சொல்லு, இது இன்னா?"

வேணு போட்ட சத்தத்தில் ஏரிக்கரைத் தெருவே அவன் வாசலுக்கு வந்துவிட்டது. கொதிக்கிற குழம்பை இறக்காமல் ஓடி வந்தவர்களும் உண்டு.

அவன் இறால் வலையை உதறியபோது மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை விழுந்திருந்தது. உள்ளே கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைகள், நூறுக்குக் குறையாது.

எட்டு மாதக்காரி ஹேமாவதி வெளிறிப்போய் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தம் ஏழு பாயிண்ட்தான் என்று நர்ஸம்மா முந்தின நாள் திட்டிவிட்டுப் போயிருந்தார்.

"மாசாமாசம் நான் நடையா நடந்து வாங்கியாந்து, எங்கையால குடுத்தா, மவராசி மூட்டை கட்டியிருக்கா பாரு! இதத் தின்னா புள்ள கறுப்பாப் பொறந்துடுமாம்!" மாமியார் இந்திராணி மாரில் அடித்துக்கொண்டாள்.

"அத்தை குடுத்த வெள்ளை மாத்திரையத் தெனம் முழுங்கினேன் மாமா. இத நான் பாத்ததேயில்ல."

"பாத்ததேயில்லியாம்! அப்ப மீனு வந்து வெச்சிட்டுப் போச்சா?" எதிர்வீட்டுக்காரி கேட்க, தெரு சிரித்தது.

ஹேமாவதி பையை எடுக்கக் குனிந்தாள்.

"ஏய், தள்ளு! புள்ளத்தாச்சி வலையத் தொட்டா எறா படுமா? எட்டு மாசமா உன்னக் காவல் காக்கறதே எனக்கு வேலையாப் போச்சி!"

அந்த ஆத்திரத்திலும் இந்திராணி முறை தவறவில்லை என்று தெரு மெச்சிக்கொண்டது.

அன்றைக்கே ஹேமாவதி ஆரம்பாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. நிறத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை முழுங்கியவள் என்று தெரு பெயர் வைத்தது. ஊர்ப் பஞ்சாயத்து அந்தக் கல்யாணத்தை அரை நாளில் தீர்த்துவிட்டது. ஹேமாவதி இப்போது மீஞ்சூர் பக்கம் ஏதோ கம்பெனி வேலைக்குப் போகிறாளாம்.

தை பிறந்ததும் வேணுவுக்குச் சரண்யா வந்தாள். இந்திராணி ஊர் ஊராகத் தேடிப் பிடித்த செக்கச்செவேல் பெண். இப்போது அவள் ஐந்து மாதக்காரி.

நேற்று நடையில் கிடந்த வலையைச் சரண்யா தாண்டப் போனாள். இந்திராணி அலறிவிட்டாள். "நில்லுடி! புள்ளத்தாச்சிய வலைகிட்ட வுடுவேனா நானு? இந்த ஊட்ல ஒருத்தியயும் வுட்டதில்ல!"

சரண்யா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மூத்தவளின் மாத்திரைக் கதையைத் தெரு அவளுக்கும் சொல்லியிருந்தது.

"அப்ப அந்த மாத்திரைய வலைக்குள்ள யாரு அத்தை வெச்சது?"