ஆணியில்லாத கொட்டகை

"சத்தியமாச் சொல்றேன் செலினா, இனிமே நான் பேசப்போறதுல ஒரு சொல்லு பொய்யா இருந்தாலும் என் மீசை உறைஞ்சு ஒடிஞ்சு விழட்டும்!" என்றார் ஒபதியா.

அவருக்கு மீசை கிடையாது. நியூஃபவுண்ட்லாந்தின் அந்தக் கரையோர ஊரில் அது எல்லோருக்கும் தெரியும்.

செலினா கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் வீட்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். உறைந்த குளத்தின் அக்கரையில் அவள் வீடு. குறுக்கே நடந்தே வந்திருந்தாள். புதன்கிழமை அடித்த பனிப்புயலில் அவளுடைய மாட்டுக் கொட்டகை கூரையோடு உட்கார்ந்துவிட்டது. சினைமாடு மட்டும் தப்பியது. அன்றிலிருந்து அது அவள் சமையலறையில் நிற்கிறது. மேசை விரிப்பையும் ஒரு கம்பளித் தொப்பியையும் தின்று முடித்திருந்தது.

"கதை வேணாம் மாமா. குதிரை செத்ததுலேர்ந்து உங்க கொட்டகை காலியாத்தானே கெடக்கு? கன்னு போடுற வரைக்கும் ரோஸிய அங்க கட்டிக்கிறேன். சும்மா இல்ல, தெனம் பால் தர்றேன். இல்லேன்னா திங்கக்கிழமை கசாப்புக்காரர் வந்து ஓட்டிட்டுப் போயிடுவாரு. சொல்லிவிட்டாச்சு."

'சும்மா இல்ல' என்பதில்தான் செலினாவின் உயிரே இருந்தது. புதுக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்று ஊர் ஆண்கள் வந்து நின்றபோது, "தர்மம் வாங்குற வீடு அடுத்த வீடா இருக்கும்" என்று கதவைச் சாத்தியவள் அவள்.

"இடம் தர முடியாது பொண்ணே" என்றார் ஒபதியா. "அந்தக் கொட்டகைல ஒரு ஆணிகூடக் கிடையாது."

"என்னது?"

"நடு ஜனவரில கட்டுனது. பாதியில ஆணி தீந்துபோச்சு. கடைக்குப் போற வழியெல்லாம் பனி. என்ன பண்றது? பலகைய நிறுத்தி ஒரு கரண்டி தண்ணி ஊத்துனேன். புடிச்சுக்கிச்சு. அடுத்த பலகை, இன்னொரு கரண்டி. மொத்தக் கொட்டகையும் தண்ணில நிக்குது. உன் மாடு உள்ள வந்து ரெண்டு மூச்சு விட்டா போதும், கூரை அது தலைமேல."

"உங்க குதிரை இத்தன வருஷமா உள்ளாற மூச்சே விடலயா?"

"வெளிய வந்து விட்டுட்டுப் போகும். பழக்கியிருந்தேன்."

"கோடைல உருகலையா?"

"இந்த ஊருக்குக் கோடை வந்தது ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை. அன்னிக்கு நான் உள்ள நின்னு கையால தாங்கிப் புடிச்சேன்."

செலினாவுக்குச் சிரிப்பு முட்டியது. விழுங்கிக்கொண்டாள். அப்போது வெளியே ஏதோ கேட்டது. தலையைச் சாய்த்தாள்.

"என்ன சத்தம் அது?"

"காத்து."

"காத்து பாடுமா? படகு இழுக்கிற பாட்டு மாதிரி இருக்கு!"

"வடகிழக்குக் காத்து. நம்மாளுங்க படகக் கரையேத்துறப்போ பாடுனதக் கேட்டுக் கத்துக்கிச்சு. இன்னும் சுருதி சேரல."

ஜன்னல் கண்ணாடியில் விரல் தடிமனுக்கு உறைபனி. செலினா எழுந்து கையுறையைக் கழற்றி நகத்தால் சுரண்டப் போனாள்.

"உக்காரு, உக்காரு! அதச் சுரண்டுனா சுவரே வந்துடும். வீட்டையும் அதே வாரந்தான் கட்டுனேன்" என்று பதறி, மூன்றாவது கோப்பைத் தேநீரை அவள் கையில் திணித்தார்.

தரை ஒருமுறை அதிர்ந்தது. அலமாரியில் தட்டுகள் கிணுகிணுத்தன.

"இது?"

"திமிங்கலம். குளத்துக்கு அடியில பொரண்டு படுக்குது."

"குளத்துல திமிங்கலமா?"

"சின்னது."

செலினா கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"போதும் மாமா. வரும்போதுகூடப் பாத்தேன், உங்க கொட்டகை பாறை மாதிரி நிக்குது. எதிர்த் தீவுல இருந்த பள்ளிக்கூடத்தையே முழுசாப் பனிமேல இழுத்துட்டு வந்த ஊரு இது. அன்னிக்கு முன்கயிறு புடிச்சது நீங்க. இன்னிக்கு ஒரு சினைமாட்டுக்காகத் தாழ்ப்பாள நகத்த உங்களுக்கு மனசு வரல." அவள் கதவுப் பக்கம் திரும்பினாள். "இடம் இல்லேன்னு நேராச் சொல்லியிருந்தா அப்பவே எந்திரிச்சுப் போயிருப்பேன். இப்படி உக்கார வெச்சுக் கேலி பண்ணணுமா? இனிமே உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்."

ஒபதியா வெளியே காது கொடுத்தார். பாட்டு நின்றிருந்தது. மெதுவாக எழுந்து தடியை எடுத்துக்கொண்டார்.

"இரு, கதவு உறைஞ்சிருக்கும். நான் தொறக்கறேன். ஆனா சொன்னது சொன்னதுதான். என் வீட்டு வாசல்ல உன் மாட்டக் கட்டவே முடியாது. பாலும் வேணாம். பால் எனக்கு ஒத்துக்காது."

தோளால் இடித்துக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். செலினா வெளியே ஓரடி வைத்து, அப்படியே நின்றாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை இருந்த இடத்தில் நான்கு அடிக்கற்கள் மட்டும் கிடந்தன. அங்கிருந்து இரண்டு அகலமான இழுவைத் தடங்கள் உறைந்த குளத்தைக் கடந்து போயிருந்தன. அக்கரையில் அவை முடிந்த இடத்தில், அவளுடைய சமையலறையை ஒட்டி, ஓர் ஆணிகூடக் கழலாமல் நின்றிருந்தது கொட்டகை.